கடல் கடந்த துவரையும் சிறு வியாபாரியும்

பர்மா லெமன், தான்சானியா அருஷா, மொசாம்பிக் வெள்ளை என்று மண்டியில் பெயர் சொல்லித் துவரை விற்கிறோம். ஆனால் அந்நாடுகளிலிருந்து நேரடியாகத் தருவிப்பவர்கள் பெரும்பாலும் பெரிய புள்ளிகளே. நாம் அவர்களிடம் வாங்கி விற்பதோடு நின்றுவிடுகிறோம்.

பணம் மட்டுமா தடை? இருபது அடி கண்டெய்னர் ஒன்றில் சுமார் 24 டன் ஏறும். நான்கைந்து பேர் கூட்டாகச் சேர்ந்தால் முடியாத காரியமல்ல. குறைந்த வளர்ச்சி நாடுகளின் சரக்குக்கு 2008 முதல் நம் அரசு சுங்கச் சலுகையும் தருகிறது. மூலச் சான்றிதழ் ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவே.

பயம் வேறிடத்தில் இருக்கிறது. பருப்பு விலை உச்சத்தில் இருந்த 2016-இல், மொசாம்பிக்கோடு ஒப்பந்தம் போட்டு, முதல் ஆண்டு ஒரு லட்சம் டன், பிறகு படிப்படியாக இரண்டு லட்சம் டன் என்றார்கள். மறு ஆண்டே இங்கு அமோக விளைச்சல். 2017 ஆகஸ்டில் துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் என்று உச்சவரம்பு வந்தது. உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து மூன்று லட்சம் டன். ஒப்பந்தச் சரக்குக்கு விலக்கு இருந்தும், அங்கே துவரை விலை சரிந்தது. அந்த ஊர்க்காரர்கள் துவரையை அதிகம் சாப்பிடுவதில்லை. நம்மை நம்பித்தான் பயிரிடுகிறார்கள். 2021 மே மாதம் மீண்டும் கதவைத் திறந்தார்கள். உழவருக்கு விலை கிடைக்கவேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் விதைப்புக்கு முன்பே அறிவித்தால் யாருக்கு என்ன நட்டம்? பெரிய கம்பெனி ஒரு சரக்கில் விட்டதை மறு சரக்கில் எடுத்துவிடும். நமக்கோ ஒரு கப்பல் தவறினால் கடையே போச்சு.

இன்னொன்று. எல்.சி. திறந்துவிட்டால் கவலையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். வங்கி பார்ப்பது காகிதத்தை. மூட்டைக்குள் வண்டு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. சாம்பிள் ஒன்று, சரக்கு வேறு என்பது நம் மண்டியிலேயே நடக்கிற சங்கதிதானே! ஏற்றுமதித் துறைமுகத்திலேயே மூன்றாம் தரப்புச் சோதனைச் சான்று கேட்பதை எல்.சி. நிபந்தனையிலேயே எழுதிவிட வேண்டும். அந்தக் கட்டணத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

கூட்டுக் கொள்முதலுக்கு ஒரு குழு அமைப்பதையும், இறக்குமதிக் கொள்கையை ஒரு பருவம் முன்னதாக அறிவிக்கும்படி மத்திய வர்த்தகத் துறைக்கு மனு அனுப்புவதையும் அடுத்த பொதுக்குழுவில் நம் சங்கம் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும்.