சக்கரம் வெச்ச பலகையும் நம்ம ஏரியா பொண்ணுங்களும்

மக்களே, இந்தப் பதிவு ஸ்கேட்போர்டு பத்தி. 'திருவொத்தியூர்க்காரனுக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்'னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க. சுத்தி வளைச்சு நம்ம ஏரியாவுக்குத்தான் வந்து நிக்கப் போறேன் :-)

மொதல்ல மாமல்லபுரம். கமலி மூர்த்தி, மீனவர் குப்பத்துப் பொண்ணு. அம்மா சுகந்தி கடற்கரையில கடை போட்டுப் பிள்ளைங்களை வளர்த்தவங்க. வெறுங்காலோட, கவுன் போட்டுக்கிட்டு கமலி ஸ்கேட்போர்டுல சரிவுல இறங்கற போட்டோவை, இந்த ஆட்டத்தோட சூப்பர்ஸ்டார் டோனி ஹாக் பகிர்ந்தார். உலகம் பூரா சுத்திச்சு. அப்புறம் சாஷா ரெயின்போங்கற இயக்குநர் 'கமலி'ன்னே ஒரு குறும்படம் எடுத்தாங்க. 2020-ல பாஃப்டா விருதோட பிரிட்டிஷ் குறும்படப் பிரிவுல பரிந்துரைப் பட்டியல் வரைக்கும் போச்சு. ஜெயிச்சது எந்தப் படம் தெரியுமா? காபூல்ல ஸ்கேட்போர்டு கத்துக்கற பொண்ணுங்களைப் பத்தின படம்! அதே வருஷம் ஆஸ்காரும் அதுக்கே.

காபூல்ல எப்படி முடிஞ்சது? அங்கதான் மேட்டரே இருக்கு. 2007-ல 'ஸ்கேட்டிஸ்தான்'னு ஒரு அமைப்பு அங்க ஆரம்பிச்சது. பொண்ணுங்க சைக்கிள் ஓட்டினா ஊரே முறைக்கும். ஆனா இந்தப் பலகை ரொம்பப் புதுசு. 'பொண்ணுங்க இதைத் தொடக்கூடாது'ன்னு யாரும் இன்னும் சொல்லி வைக்கல! அந்த இடைவெளியில பொண்ணுங்க பூந்துட்டாங்க. 2021-ல தாலிபான் திரும்ப வந்ததும் அந்தக் கதவு மூடிடுச்சுங்கறது வேற சோகம்.

புது ஆட்டம் யாருக்கும் பட்டா போட்டுத் தரப்படாத ஆட்டம். ஆனா பட்டா ரொம்ப சீக்கிரம் எழுதிடுவாங்க. அமெரிக்காவுல அதான் நடந்துச்சு. 1964-லயே பேட்டி மெக்கீ பெண்கள் தேசிய சாம்பியன். 1965-ல 'லைஃப்' பத்திரிகை அட்டையில, ஓடற பலகை மேல தலைகீழா நிக்கறாங்க. ஆனா காசு, கம்பெனி, பத்திரிகைன்னு ஆட்டம் பெருசாகப் பெருசாக, அது பசங்க ஆட்டம்னு ஆயிடுச்சு. எலிஸா ஸ்டீமர் மாதிரி ஒரு பெண் தொழில்முறை ஆட்டக்காரரா வர 1998 ஆச்சு. எக்ஸ் கேம்ஸ் போட்டியில ஆண்கள் பரிசுக்கும் பெண்கள் பரிசுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2005-ல காரா-பெத் பர்ன்சைடு உள்ளிட்ட பெண்கள் ஒண்ணா நின்னு, 'ஆடமாட்டோம்'னு சொல்ற அளவுக்குப் போனதுக்கப்புறம்தான் பேச்சுவார்த்தையே. அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள சமப் பரிசு வந்துச்சு. 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ் பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவுல மெடல் வாங்கின மூணு பேருக்கும் வயசு என்ன தெரியுமா? 13, 13, 16.

சரி, நம்ம பேட்டைக்கு வருவோம்.

வடசென்னைப் பொண்ணுங்க விளையாட்டுல சோடையா? வியாசர்பாடி இளவழகி 2008-ல கேரம் உலக சாம்பியன். புதுவண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டுநர் மகள், 2024-ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக்கோப்பையில மூணு தங்கம். எல்லாரும் கைதட்டினோம். நான் ஒண்ணு கேக்கறேன்... ஏன் கேரம்? திறமைதான், சந்தேகமே இல்ல. ஆனா கேரம் போர்டு ஆடுற பரப்பு ஒரு பக்கத்துக்கு 74 சென்டிமீட்டர். நம்ம ஏரியா ஒரு பொண்ணுக்கு சண்டை போடாம விட்டுக்கொடுக்கற இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

இத்தனைக்கும் நம்மகிட்ட சிமெண்டுக்குப் பஞ்சமா? துறைமுகம், கன்டெய்னர் யார்டு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு... எல்லாம் லாரிக்கு. மிச்சமிருக்கற மைதானத்துல சாயங்காலம் பசங்க கிரிக்கெட்டு, மொட்டை மாடியில பசங்க காத்தாடி. பொண்ணு வாசப்படியில உக்காந்து வேடிக்கை. பசங்களைக் குத்தம் சொல்லல. அவங்க பட்டா எப்பவோ எழுதியாச்சு, அவ்வளவுதான். விதிவிலக்கா வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்துல பொண்ணுங்க ஃபுட்பால் ஆடறாங்க. அங்க யாரோ ஒருத்தர் 'இந்த நேரம் இவங்களுக்கு'ன்னு ஒதுக்கி, காவலா நிக்கறாங்க. இடம் தானா வராது, ஒதுக்கணும்.

'மொதல்ல நல்ல காத்து குடுங்கப்பா, அப்புறம் ஸ்கேட்போர்டு'ன்னு சிலர் சொல்வீங்க. நியாயம். 2023 டிசம்பர்ல எண்ணூர்ல எண்ணெய்க் கசிவு, அதே மாசம் 26-ம் தேதி ராத்திரி அமோனியா கசிவு. ஒரே மாசத்துல ரெண்டும் பார்த்த ஊரு. ஆனா யோசிச்சுப் பாருங்க, ரெண்டும் ஒரே கணக்குதான். இந்த ஏரியா சரக்குக்கு, மனுசங்களுக்கு இல்லைங்கற கணக்கு. அந்தக் கணக்கைத் திருத்தச் சொல்றப்போ காத்தையும் கேப்போம், இடத்தையும் கேப்போம். ஒண்ணு கிடைச்ச பிறகு இன்னொண்ணுன்னு வரிசையில நின்னா, நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்குக் கல்யாண வயசு வந்துடும்.

நான் கேக்கறது கோடி ரூபாய் ஸ்கேட் பார்க் இல்ல. புதுசா கட்டற பூங்காவுல ரெண்டு சரிவோட ஒரு வழவழ சிமெண்டுத் தளம். அது திறந்த நாள்லேர்ந்து சாயங்காலம் ரெண்டு மணி நேரம் பொண்ணுங்களுக்கு மட்டும். லைட்டு, பக்கத்துல பூட்டாத கழிப்பறை. 'மொதல்ல திறப்போம், பொண்ணுங்க மெதுவா வரட்டும்'னா, கலிஃபோர்னியா மாதிரி நாப்பது வருஷம் ஆகும். மொத நாளே இறங்கிட்டா பட்டா அவங்க பேர்ல.

நீங்க என்ன சொல்றீங்க? ராயபுரம், காசிமேடு, எண்ணூர்ப் பக்கத்து நண்பர்கள் உங்க தெருவுல பொண்ணுங்க என்ன ஆடறாங்க, எங்க ஆடறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: எனக்கு ஸ்கேட்போர்டு ஓட்டத் தெரியுமான்னு யாரும் கேக்கக்கூடாது. ஷேர் ஆட்டோவுல தொங்கிக்கிட்டுப் போகவே பேலன்ஸ் பத்தல ;-)