டிகிரி வாங்கிடுவோம், விசாவைப் படிக்கத் தெரியுமா?

1954 நவம்பர் 1 வரைக்கும் நம்ம கிளியனூர்லேருந்து பாண்டிச்சேரி போறதே வெளிநாடு போறதுதான். அங்கே நடந்தது பிரெஞ்சு ஆட்சி. இப்போ பாண்டிக்கு பஸ் ஏறினா டிக்கெட் மட்டும் போதும். பேங்காக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகிடுச்சு. இங்கேருந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு பஸ்ஸில் மூணு மணி நேரம், அங்கேருந்து பேங்காக்குக்கு விமானத்தில் மூணரை மணி நேரம். 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசாவே வேண்டாம்னு சொல்லிடுச்சு. அடுத்த மாசமே மலேசியாவும் அதைச் செஞ்சது.

சுத்திப் பார்க்கப் போறவங்களுக்கு இது ரொம்ப நல்ல செய்தி. அதைவிட நல்ல செய்தி, போலி வேலை ஏஜென்ட்டுகளுக்கு.

"தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, சாப்பாடு, ரூம் ஃப்ரீ, முதல்ல டூரிஸ்டா போயிடுங்க, அங்கே போய் வொர்க் பர்மிட் மாத்திக்கலாம்." இந்த மாதிரி மெசேஜ் ஃபைனல் இயர் வாட்ஸ்அப் குரூப்பில் வராத கல்லூரி உண்டா? 2022 செப்டம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் இதைப் பத்தி எச்சரிச்சது. குறி வைக்கப்படுறது ஐடி தெரிஞ்ச இளைஞர்கள்னே அதில் இருந்தது. அதாவது நாமதான். பேங்காக்கில் இறங்கினவங்களை மே சோட் என்ற எல்லை ஊருக்குக் கூட்டிட்டுப் போய், ஆற்றைத் தாண்டவெச்சு, மியான்மரில் உள்ள மியாவாடியில் அடைச்சு, ஆன்லைன் மோசடி செய்ய வெச்சாங்க. அந்த வருஷம் அக்டோபரில் முதல்ல 13 தமிழர்கள் மீண்டு சென்னை வந்தாங்க. அதோட முடியல. 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்களை மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது.

"படிச்சவங்க எப்படி ஏமாறுறாங்க?"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு விஷயம். 1983-ஆம் வருஷ குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாவது முடிக்காதவங்க பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' என்ற முத்திரை இருக்கும். வளைகுடா, மலேசியா, தாய்லாந்து மாதிரி 18 நாடுகளுக்கு அவங்க வேலைக்குப் போகணும்னா, ஒப்பந்தத்தைக் காட்டி அரசு அனுமதி வாங்கணும். பத்தாவது பாஸ் ஆன நமக்கு அது வேண்டாம். நமக்கு விவரம் தெரியும்னு சட்டம் நம்புது. ஆனா அந்த விவரத்தை யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தா? ரெஸ்யூம் எழுத, குரூப் டிஸ்கஷனில் பேச, டை கட்டக்கூட சொல்லிக்கொடுக்கிற ப்ளேஸ்மென்ட் செல், விசாவில் என்ன எழுதியிருக்குன்னு படிக்கச் சொல்லிக்கொடுத்ததே இல்ல.

தெரிஞ்சுக்க வேண்டியது அப்படி ஒண்ணும் அதிகமும் இல்ல.

டூரிஸ்ட் விசாவில் வேலை செய்றது பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம். "அங்கே போய் மாத்திக்கலாம்"னு ஒருத்தர் சொன்னா, பேச்சை அங்கேயே முடிச்சிடுங்க. ஏஜென்ட்டோட லைசென்ஸ் உண்மையான்னு அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஐந்து நிமிஷத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய், கூட ஜிஎஸ்டி. அதுக்கு மேல கேட்டா, கேட்கிறவர் யாரா இருந்தாலும் விதியை மீறுறார். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அதைப் பிடிச்சு வெச்சுக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்ல. அங்கே சிக்கல் வந்தா இந்தியத் தூதரகம் இருக்கு, 'மதத்' தளம் இருக்கு, தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கு. இந்த எண்களைக் கிளம்புறதுக்கு முன்னாடியே வீட்டிலும் ஒரு தாளில் எழுதி வெச்சிடுங்க.

நிஜமாவே டூர் போறவங்களுக்கும் கொஞ்சம் இருக்கு. அம்மா மசாலா டப்பாவில் போட்டுத் தர்ற கசகசா அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். நம்ம ஊரில் சாதாரணமா கிடைக்கிற சில வலி மாத்திரைகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு, அதனால டாக்டர் சீட்டு கையில் இருக்கணும். வேப் சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் சட்டவிரோதம். "இந்தப் பார்சலை எங்க அண்ணன்கிட்ட கொடுத்துடுப்பா"ன்னு ஏர்போர்ட்டில் யார் கெஞ்சினாலும் வாங்காதீங்க. உங்க பையில் இருக்கிறதுக்கு நீங்கதான் பொறுப்பு. விசா விதிகள் அடிக்கடி மாறும், டிக்கெட் போடுற நாளில் அந்தந்தத் தூதரகத்தின் தளத்தைப் பார்த்துக்கணும்.

இதையெல்லாம் சொல்லி பயமுறுத்தினா பசங்க வெளிநாடே போக மாட்டாங்கன்னு சில பேராசிரியர்கள் சொல்றாங்க. நான் போகாதீங்கன்னு சொல்லல. துபாய் சம்பளத்தில் எழுந்த வீடுகள் நம்ம பக்கத்தில் எத்தனையோ இருக்கு. ஆனா மரக்காணம் உப்பளத்தில் ஜனவரியில் தொடங்கி மழை வர்ற வரைக்கும் உழைக்கிற ஒரு அம்மா, பையனுக்காக அடகு வைக்கிறது இருக்கிற ஒரே சங்கிலியை. பையன் ஏமாந்து திரும்பினாலும் அந்தச் சங்கிலி திரும்பாது.

அதனால கல்லூரிகிட்ட கேட்கிறது ஒண்ணே ஒண்ணு: ஏழாவது செமஸ்டரில் ஒரு மதியம். அயலகத் தமிழர் நலத்துறை அதிகாரி ஒருத்தரைக் கூப்பிட்டு, ஒரு நிஜ வேலை ஒப்பந்தத்தையும் ஒரு போலியையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டச் சொல்லுங்க. மாணவர் மன்றத்தில் இதுக்கு மனு தயார். கையெழுத்துப் போட வாங்க.