பாலைவனத்துச் சுங்கமும் நம் பட்டுச் சேலையும்

மணற்காட்டின் நடுவே மாளிகைகளும் கோயில்களும் எழுப்பிச் செல்வத்தோடு வாழ்ந்த அரசுகள் சில மேற்காசியாவில் இருந்தன. இன்றைய ஜோர்தானிலுள்ள பெட்ராவும், சிரியாவிலுள்ள பல்மைராவும் அவற்றுள் தலையாயவை. சீனத்துப் பட்டை அவர்கள் நெய்யவில்லை. தென்னரேபியாவின் நறுமணப் பிசினை அவர்கள் விளைவிக்கவுமில்லை. அவை செல்லும் வழி அவர்கள் கையில் இருந்தது; அவ்வளவே.

இதைக் கேட்டதும் வழிப்பறி என்று நம் அங்கத்தினர் சிலர் முடிவு கட்டிவிடுவர். இடைத்தரகர் யாவரையும் கள்வர் என்று ஏசுவது கூட்டுறவு மேடைகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. உண்மை அதுவன்று. பெட்ராவில் ஆண்ட நபத்தேயர், பாறையைக் குடைந்து தொட்டிகள் அமைத்து, எப்போதோ பெய்யும் மழைநீரைத் தேக்கினர். பாலைவனத்தில் தண்ணீர், தீவனம், ஒட்டகம், காவல் ஆகியவற்றைத் தருபவன் வேலை செய்கிறவனே. அவ்வேலைக்குரிய கூலிதான் மிகப் பெரிதாக இருந்தது. தென்னரேபியாவிலிருந்து மத்தியதரைக் கடற்கரை வந்து சேர்வதற்குள் ஓர் ஒட்டகச் சுமைக்கு 688 தெனாரி செலவாயிற்று என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி கணக்கிட்டுள்ளார். பல்மைராவிலோ, எச்சரக்குக்கு என்ன சுங்கம் என்பதைக் கி.பி. 137 இல் கல்லிலேயே பொறித்து வைத்தனர்.

நம் நாட்டுச் சரக்கும் இத்தகைய வழியே சென்றதுதான். முசிறித் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஹெர்மபோலன் என்னும் கப்பலின் சரக்கைக் குறித்து, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு ஒப்பந்தம் ஒன்று எகிப்தியப் பாப்பிரஸ் தாளில் கிடைத்து, 1985 இல் வெளியிடப்பட்டது. அது இன்று வியன்னாவில் உள்ளது. செங்கடற்கரையில் இறக்கிய சரக்கை ஒட்டகத்தின்மேல் பாலைவனம் கடத்தி, நைல் நதி வழியே அலெக்சாண்டிரியாவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே நான்கில் ஒரு பங்கு வரி. வரி நீங்கலாகவே ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ் மதிப்புள்ள சரக்கு அது! நறுமணப் பூண்டைப் பறித்தவருக்கும் தந்தம் சுமந்தவருக்கும் அதில் என்ன கிடைத்தது என்று அத்தாளில் ஒரு வரியும் இல்லை.

ஆயினும், அதே செங்கடற்கரையில் குசேர் அல் காதிம் என்னும் இடத்தில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் காணப்படுகின்றன. நம்மவர் சிலர் தாமே கடல் கடந்து அவ்வழியில் நின்றிருக்கின்றனர் என்பதற்கு இவை சான்று.

களம்பூரிலிருந்து ஆரணி ரோடு ரயில் நிலையத்துக்குப் பாலைவனம் எதுவும் குறுக்கே இல்லை. ஆனால் தறியிலிருந்து இறங்கிய சேலைக்கும் முகூர்த்தக் கடையில் அதை விரிப்பவருக்கும் இடையே எத்தனை சுங்கச்சாவடிகள்! அவ்வழியில் ஒரு பகுதியேனும் நெசவாளர் கையில் இருக்கட்டும் என்றே சங்கங்கள் ஏற்பட்டன. 1935 இல் கோ-ஆப்டெக்ஸும் ஏற்பட்டது. இருந்தும், இவ்வட்டாரத்துச் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும் நமக்கு ஒரு விந்தை புலப்படுகிறது. முதல் தரச் சேலை வெளி வியாபாரியின் பெட்டிக்கும், ஜரிகை விலகிய சேலை சங்கத்து அலமாரிக்கும் போய்ச் சேருகின்றன. நெல் விளைவிப்போரும் சங்கத்தில் கடன் பெற்று, அறுத்த களத்திலேயே வேறொருவருக்கு அளந்துவிடுகின்றனர். ஒட்டகம் நம்முடையது, சரக்கு மட்டும் பிறர் ஒட்டகத்தின்மேல்!

இதற்கு அங்கத்தினரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. வியாபாரி அன்றே ரொக்கம் எண்ணிக் கொடுக்கிறார்; சங்கமோ சில வேளைகளில் கூலிக்கே தவணை சொல்கிறது. உலையில் அரிசி போட வேண்டிய குடும்பம் தீர்மானம் நிறைவேறும்வரை காத்திராது. கூலியைக் குறித்த நாளில் கொடுக்க வழி செய்யாமல், சங்க விசுவாசம் பற்றி உபதேசிப்பது வீண்.

ஆகவே வரும் பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் ஒன்று கேட்கலாம். ஒரு சேலைக்குப் பட்டு, சாயம், ஜரிகை, கூலி எவ்வளவு, பிறகு கடை சேரும்வரை ஏறிய செலவும் ஆதாயமும் எவ்வளவு என்று செயலாளர் உரக்க வாசிக்கட்டும். நெல்லுக்கும் மூட்டைவாரியாக அவ்வாறே.