வரைபடத்தில் மிச்சம் பிடிக்கும் காசு

பொறியியல் கலந்தாய்வு நெருங்கும் நாள்களில், 'சிவில் எடுத்தால் வேலை கிடைக்குமா?' என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்பதுண்டு. வேலை கிடைக்கும், உழைப்புக்கேற்ற ஊதியம் கிடைப்பதுதான் அரிது என்றே நேர்மையாகப் பதில் கூற வேண்டியிருக்கிறது. மெட்ரோ ரயில், விரைவுச்சாலை, துறைமுகம் என நாடெங்கும் பணிகள் பெருகியுள்ள காலத்தில் இது விசித்திரமான நிலைமை.

திட்ட வடிவமைப்பு எளிய தொழிலன்று. இளநிலைப் பட்டத்துடன் கட்டமைப்புப் பொறியியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றவர்களையே நல்ல நிறுவனங்கள் நாடுகின்றன. ஆட்டோகேட், ஸ்டாட் புரோ, ரெவிட் போன்ற மென்பொருள்களில் தேர்ச்சி வேண்டும். அதைவிட, கணினி தரும் விடை பிழையெனில் அதை உணரும் அடிப்படை அறிவு வேண்டும். மண்ணின் தன்மையையும் இந்தியத் தர நிர்ணய விதிகளையும் அறிந்திருக்க வேண்டும். இத்தகுதி கைகூடப் பட்டத்திற்குப் பின்னும் சில ஆண்டுகள் பிடிக்கும்.

இவர்களுக்கு வேலை தருவோர் மூவகையினர்: பெரிய கட்டுமான நிறுவனங்களின் வடிவமைப்புப் பிரிவுகள், வெளிநாட்டுத் திட்டங்களுக்காகச் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் இயங்கும் பன்னாட்டு நிறுவன அலுவலகங்கள், அரசுத் திட்டங்களுக்கு விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும் உள்ளூர் ஆலோசனை நிறுவனங்கள். முதலிரண்டில் ஊதியம் பரவாயில்லை. மூன்றாவதில்தான் சிக்கல். வளைகுடா நாட்டுக் கட்டடத்தை வரையும் பொறியாளர், நம் ஊர்ப் பாலத்தை வரையும் தம் வகுப்புத் தோழரைவிட நன்றாகவே வாழ்கிறார்.

இதன் வேர் ஒப்பந்தப்புள்ளி முறையில் இருக்கிறது. திட்டச் செலவில் வடிவமைப்புக் கட்டணம் மிகச் சிறிய பங்கு. ஆனால், மொத்தச் செலவையும் பாதுகாப்பையும் தீர்மானிப்பது அதுவே. அப்பணியையும் மிகக் குறைந்த விலை கோருபவருக்கே அளிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. தரத்தை வாங்குபவரால் கணிக்க இயலாத சந்தையில் தரமற்ற பொருள் தரமானதை விரட்டிவிடும் என்று பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கினார். இங்கும் அதுவே நிகழ்கிறது. கட்டணம் குறைய ஊதியம் குறைகிறது. திறமையாளர் மென்பொருள் துறைக்கோ வெளிநாட்டுக்கோ செல்கின்றனர். பழைய அறிக்கையில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றும் பழக்கம் எஞ்சுகிறது.

'பட்டதாரிகளுக்குத் திறன் இல்லை' என்பது நிறுவனங்களின் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால், பயிற்சி பெற்றவர் ஓராண்டில் விலகுவார் என்றால் எந்த நிறுவனம் பயிற்சிக்குச் செலவிடும்? குறைந்த ஊதியமும் திறன் குறைவும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

இதன் விலையைச் சமூகமே கொடுக்கிறது. கொச்சியின் பாலாரிவட்டம் மேம்பாலம் 2016 அக்டோபரில் திறக்கப்பட்டு, விரிசல்கள் காரணமாக 2019 மே மாதம் மூடப்பட்டது. வடிவமைப்பிலும் கான்கிரீட்டின் தரத்திலும் குறைகள் சுட்டப்பட்டன. மறுகட்டுமானத்திற்குப் பின் 2021 மார்ச்சில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. பிழையான திட்ட அறிக்கைகள் சாலை விபத்துகளுக்குக் காரணமாவதை மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே பொதுமேடைகளில் சாடியிருக்கிறார். அறிக்கை எழுதியவரைச் சாடுவதோடு, அவரைத் தேர்ந்தெடுத்த முறையையும் ஆராய வேண்டும்.

தீர்வு எட்டாததன்று. தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து மதிப்பெண் வழங்கித் தேர்வு செய்ய 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளே இடமளிக்கின்றன. வடிவமைப்புப் பணிகளில் அதையே பொதுவழக்கமாக்கலாம். கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதுபோல், பொறியாளர் பதிவுக்கும் நாடு தழுவிய சட்டம் தேவை. வரைபடத்தில் கையொப்பமிடுபவர் பொறுப்பேற்க வேண்டும். அப்பொறுப்புக்குரிய ஊதியமும் பெற வேண்டும். கல்லூரிகள் ஒரு பருவத்தையேனும் வடிவமைப்பு அலுவலகப் பயிற்சிக்கு ஒதுக்கலாம்.

அதுவரை, சிவில் படிக்க விரும்பும் மாணவரைத் தடுக்காதீர்கள் என்பதே பெற்றோருக்கு என் வேண்டுகோள். அவரை இத்துறையில் தக்கவைக்கும் கடமை, நாளை அவர் வரையும் பாலத்தின்மீது பயணம் செய்யப்போகும் நம் அனைவருக்கும் உண்டு.