வாசகியின் கடிதமும் ஆசிரியையின் சான்றிதழும்

காதல் கதைகள் எழுதிப் பெயர் பெற்ற ஒரு பெண்மணியின் சிறுகதைத் தொகுதி சமீபத்தில் என் கைக்கு வந்தது. பன்னிரண்டு கதைகள். அவற்றுக்கு முன்னால், இருபது பக்கங்களுக்கு மேல், இக்கதைகளைப் பத்திரிகைகளில் படித்தவர்கள் எழுதிய கடிதங்களும் கைபேசியில் அனுப்பிய பாராட்டுகளும், எழுதியவர்களின் பெயர், ஊர் சகிதம் அச்சாகியிருந்தன. மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் என்று நம் சுற்றுவட்டார ஊர்களே பாதி. ஆசிரியையின் பெயரை நான் சொல்லாதது மரியாதையினால் அல்ல. இது ஒருவருடைய பழக்கம் மட்டுமாக இருந்தால் பெயரைச் சொல்லியே சண்டை போடலாம். மாத நாவல்களின் கடைசிப் பக்கங்களைப் புரட்டியவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியாது.

என் புகார் கதைகளைப் பற்றியதல்ல. கதைகள் அவற்றுக்குரிய தரத்தில் இருக்கின்றன. மழை பெய்கிறது, தவறாகப் புரிந்துகொண்டவர்கள் சரியாகப் புரிந்துகொள்கிறார்கள். என் புகார் அந்த இருபது பக்கங்களைப் பற்றியது. ஏனென்றால் எழுத்து அங்கேதான் இருக்கிறது. கணவன் வளைகுடாவுக்குப் போனபின் தொலைபேசியில் பேசுவதற்குப் பணத்தைத் தவிர வேறு விஷயமே இல்லாமல் போய்விட்டது என்று ஒரு பெண் நாலு வரி எழுதியிருக்கிறாள். மாமியார் செத்த வீட்டில் வராத அழுகை இந்தக் கதையைப் படித்தபோது வந்தது, ஏனென்று தெரியவில்லை என்கிறாள் இன்னொருத்தி. இவற்றின் பக்கத்தில் பன்னிரண்டு கதைகளிலிருந்தும் எந்த வாக்கியத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் சாயம் வெளுத்துவிடுகிறது. இந்தக் கடிதங்கள் கதையைப் பற்றிப் பேசவேயில்லை. கதையைச் சாக்காக வைத்துக்கொண்டு, வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததை முகமறியாத ஒருத்தியிடம் சொல்கின்றன. ஆசிரியை அவற்றை வாங்கி, மேலே 'வாசகர் மதிப்புரைகள்' என்று தலைப்பிட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

நான் வங்கியில் குமாஸ்தா. நகைக் கடனுக்கு வரும் பெண், கடன் எதற்கு என்று கேட்டால் சில சமயம் கவுண்டரில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். படிவத்தில் அதற்குக் 'குடும்பச் செலவு' என்று இரண்டு சொல் போதும். அவள் சொன்ன மீதியெல்லாம் என்னோடு நின்றுவிட வேண்டியது. ஒரு வாடிக்கையாளரின் மாதிரிக் கையெழுத்தை இன்னொருவருக்குக் காட்டக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பால பாடம். இலக்கியம் வங்கியைவிட உயர்ந்த ஸ்தாபனம் என்று நம்புகிறவர்களுக்கு இதைவிடக் குறைந்த நியதி போதுமா என்பதே என் கேள்வி.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. வாங்கியதால் எனக்குக் கிடைத்த சில்லறை லாபங்களில் ஒன்று, ஸாமுவெல் ரிச்சர்ட்ஸனின் 'பமீலா'வைப் பற்றித் தெரிந்துகொண்டது. 1740-இல் வெளிவந்த நாவல். ஏழை வேலைக்காரப் பெண், அவளைக் கெடுக்கப் பார்க்கும் பணக்கார எஜமானன், அவள் உறுதியைக் கண்டு மனம் திருந்தி அவளையே மணந்துகொள்வது — மதுரையில் யாருக்கும் இக்கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, வாடகை நூல் நிலையங்களின் அலமாரிகள் இதனால் நிரம்பியவை. ரிச்சர்ட்ஸன் அச்சகம் வைத்திருந்தவர், விஷயம் தெரிந்த ஆசாமி. 1741-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, தமக்கு வந்த பாராட்டுக் கடிதங்களை, பெரும்பாலும் ஏரன் ஹில் என்ற நண்பர் எழுதியவற்றை, நூலின் முன்னால் கோத்துவிட்டார். இரண்டு மாதம் பொறுக்கவில்லை ஹென்றி ஃபீல்டிங். அதே 1741-இல் 'ஷமீலா' என்று ஒரு கேலிப் புத்தகம் போட்டார். அதன் முகப்பிலும் பாராட்டுக் கடிதங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, பதிப்பாசிரியர் தமக்குத் தாமே எழுதிக்கொண்டது! இந்த விவகாரத்தில் கடைசி வார்த்தையை ஃபீல்டிங் அன்றே சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு நாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம்.

ஆனால் ரிச்சர்ட்ஸனின் கதை அங்கே முடியவில்லை. 1747-48-இல் 'கிளாரிஸ்ஸா' பகுதி பகுதியாக வெளிவந்துகொண்டிருந்தது. கிளாரிஸ்ஸா சாகப்போகிறாள் என்ற செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. பெல்ஃபர் என்ற பொய்ப்பெயரில் ஒரு பெண்மணி — லேடி பிராட்ஷா என்று பின்னால் தெரிந்தது — அவளைச் சாகடிக்காதீர்கள், கல்யாணம் செய்துவையுங்கள் என்று மன்றாடிக் கடிதம் எழுதினாள். ரிச்சர்ட்ஸன் மறுத்தார். மறுத்ததோடு நிற்கவில்லை, ஏன் அவள் சாக வேண்டும் என்று நீளநீளமாகப் பதில் எழுதினார், அவள் திரும்பச் சண்டை போட்டாள், அவர் திரும்ப எழுதினார். கிளாரிஸ்ஸா செத்தாள். 'பமீலா'வைவிட 'கிளாரிஸ்ஸா' எவ்வளவோ பெரிய படைப்பு என்பதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை. சான்றிதழ் வாங்கிய கை வாதாடக் கற்றுக்கொண்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல நான் தயாராக இல்லை.

தமிழிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. 1960-ஐ ஒட்டி 'கல்கி'யில் மணிவண்ணன் என்ற பெயரில் நா. பார்த்தசாரதி 'குறிஞ்சி மலர்' எழுதினார். நம் மதுரையில் நடக்கும் கதை. திருப்பரங்குன்றத்துப் பூரணியும் அரவிந்தனும். தொடரைப் படித்தவர்கள் தங்கள் குழந்தைகளுக்குப் பூரணி என்றும் அரவிந்தன் என்றும் பெயர் வைத்தார்கள். இதை அந்த நாவலின் வெற்றிக்கு அடையாளமாக எத்தனை மேடைகளில் சொல்லியிருக்கிறார்கள்! குழந்தைக்கு வைத்த பெயர் பெற்றோரின் கனவைக் காட்டும். தங்கள் பெண் பூரணி மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பூரணி ஒரு பெண்ணாக எழுதப்பட்டிருக்கிறாளா, ஆசிரியரின் லட்சியங்களைத் தாங்கி நிற்கும் விளக்குக் கம்பமாகவா என்ற கேள்விக்கு அந்தப் பிறப்புச் சான்றிதழ்கள் பதிலாகா.

மறுபக்கத்தில் ஜெயகாந்தன். 1966-இல் 'ஆனந்த விகட'னில் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழையில் கார் ஏறிய கல்லூரிப் பெண் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்ற கேள்வி எழுந்தது. ஜெயகாந்தன் தமக்கு வந்த நல்ல கடிதங்களைத் தொகுத்துப் பதிலடி கொடுத்திருக்கலாம். அவர் செய்தது வேறு: சரி, அந்தத் தாய் தண்ணீர் ஊற்றாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு 'சில நேரங்களில் சில மனிதர்க'ளை எழுதினார். போதாததற்கு, பத்திரிகையில் வந்த அந்தக் கதையை நாவலுக்குள்ளேயே கொண்டுவந்து, கங்காவையே அதைப் படிக்கவைத்தார். ஜெயகாந்தனின் உரத்த குரலோடு எனக்கு ஒத்துப்போகாது. பாத்திரங்கள் பேசும்போது அவர் பேசுவதுதான் என் காதில் விழுகிறது. ஆனாலும் வாசகன் எழுதிய கடிதத்தை ஓர் எழுத்தாளன் இதைவிடக் கௌரவமாக நடத்த முடியாது.

'பொன்னியின் செல்வ'னை 1954-இல் முடித்த கல்கி, பிறகு அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்பார்கள் என்று தெரிந்து முடிவுரையில் பதில் சொல்லிவிட்டுத்தான் பேனாவை வைத்தார். அது பண்புள்ள கதைசொல்லியின் உபசாரம். சிறுகதைக்காரனுக்கு அந்த வசதி கிடையாது. பிறகு என்ன ஆயிற்று என்று வாசகி கேட்பது சிறுகதை வேலை செய்திருக்கிறது என்பதற்கு அடையாளம். நான் குறிப்பிட்ட தொகுதியிலும் அப்படி ஒரு கடிதம் இருக்கிறது: அவன் மன்னிப்புக் கேட்டான் சரி, அவள் ஏன் உடனே மன்னித்தாள் என்கிறது. இருபது பக்கங்களில் இருக்கும் ஒரே விமர்சனம் இது. அதற்கும் கீழே ஆசிரியை நன்றி சொல்லியிருக்கிறார்!

இனி, நம் கூடாரத்துக்கு வருகிறேன். இதை எழுதுகிறேன் என்று சொன்னதுமே ஒரு நண்பர், 'ரமணிசந்திரன் வகையறாவைப் பற்றி நாம் பேச என்ன இருக்கிறது?' என்றார். நூற்றெழுபதுக்கும் மேல் நாவல் எழுதியவர், தமிழ்நாட்டின் வாடகை நூல் நிலையங்களைப் பல வருஷங்கள் தாங்கி நின்றவர், அவரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லையாம். அவருக்கும் முன்னால், 1925 முதல் 'ஜகன்மோகினி'யை நடத்தி அதில் தம் நாவல்களைத் தாமே வெளியிட்ட வை.மு. கோதைநாயகியைப் பற்றியும் பேச ஒன்றுமில்லை. 1984-இல் லக்ஷ்மிக்கு 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக சாகித்ய அகாதெமி பரிசே கிடைத்தது. பரிசினால் நாவல் ஓர் அங்குலமும் வளரவில்லை, நமக்கு முணுமுணுக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது, அவ்வளவுதான். இந்த அலட்சியத்துக்கு நாம் க்யூ.டி. லீவிஸைத் துணைக்கு அழைப்போம். 1932-இல் அவர் எழுதிய நூலில் ஜனரஞ்சக நாவலைப் போதைப் பழக்கமாகப் பார்த்தார். ஆனால் அவராவது அந்த நாவலாசிரியர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பிப் பதில் வாங்கினார்! 1984-இல் ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்கப் பெண்மணி இன்னும் ஒரு படி போய் வாசகிகளையே கேட்டார். ஸ்மித்டன் என்று அவர் பெயர் மாற்றிச் சொல்லும் ஓர் ஊரில், காதல் நாவல் படிக்கும் 42 பெண்கள். அவர்களிடமிருந்து அவர் தெரிந்துகொண்டது, புத்தகத்தைக் கையில் எடுப்பதே கணவனுக்கும் குழந்தைகளுக்கும் 'இந்த நேரம் என்னுடையது' என்று அறிவிப்பதுதான் என்பது. கவனியுங்கள், ஊரின் பெயரைக்கூட மாற்றித்தான் அச்சிட்டார்.

கடிதங்களை வைத்து அளப்பதானால் நம்மவர் கதி என்ன? ஜி. நாகராஜன் இந்த ஊரின் சந்துகளில் நடந்து, 1974-இல் 'நாளை மற்றுமொரு நாளே'யை எழுதி, 1981-இல் செத்தும் போனார். அவர் எழுதிய மனிதர்கள் எழுத்தாளருக்குக் கடிதம் போடுகிற ஜாதியல்ல. அவர்கள் மௌனத்தை அந்த நாவலின் தோல்வியாகக் கொள்ள யாராவது துணிவார்களா? அப்படியானால் கடிதக் கட்டை வெற்றியாகக் கொள்வது மட்டும் எப்படி நியாயம்? இதில் வேடிக்கை, நம் கவிஞர்கள் நாற்பது கவிதைகளுக்கு இரண்டு முன்னுரை, ஓர் அணிந்துரை, பின்னட்டையில் ஒரு மூத்த எழுத்தாளரின் ஆசி என்று வாங்கிச் சேர்ப்பது. விமர்சனக் கூட்டத்தில் பேசுகிறவன் போன மாதம் தன் புத்தகத்துக்கு இவரைப் பேச அழைத்தவன். ஆசிரியைக்குச் சான்றிதழ் கொடுத்தவர்களாவது காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கியவர்கள். 1959-இல் 'எழுத்'தைத் தொடங்கிய வத்தலக்குண்டு சி.சு. செல்லப்பா, வாசகர்களின் அபிப்பிராயத்துக்கு இடம் ஒதுக்கினார் என்றால் அது சண்டைக்கான இடம். தம் பத்திரிகையிலேயே தம்மை மறுத்து எழுதியவர்களை அச்சேற்றியவர். அந்த முரட்டுத்தனம் 1970-இல் பத்திரிகையோடு நின்றுவிட்டது போலிருக்கிறது.

வாசகியின் உண்மையான மதிப்புரை வேண்டுமென்றால், அது இருக்கும் இடம் எனக்குத் தெரியும். பழைய வாடகை நூல் நிலையங்கள் மூடப்பட்டபோது அவற்றின் புத்தகங்கள் நடைபாதைக் கடைகளுக்கு வந்தன. பைண்டு பிரிந்து, முத்திரை குத்தி, கடைசிப் பக்கம் கிழியாமல் இருந்தால் அதிர்ஷ்டம். அந்தக் கடைசிப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருப்பார்கள். 'நல்ல கதை', 'அழுகை வந்தது', 'முடிவு சரியில்லை', 'இவனுக்குப் போய் இவளா'. ஒருத்தி எழுதியதன் கீழேயே இன்னொருத்தி, வேறு மையில், மறுத்து எழுதியிருப்பாள். பெயர் கிடையாது, ஊர் கிடையாது. ஆசிரியை பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே எழுதியது; அடுத்து அந்தப் புத்தகத்தை எடுக்கப்போகும் பெண்ணுக்காக எழுதியது. இந்தப் பக்கங்களை யாரும் தொகுதியின் முகப்பில் சேர்க்கமாட்டார்கள்.

ஆசிரியைக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அடுத்த பதிப்பில் அந்த இருபது பக்கங்களை எடுத்துவிடட்டும். முடியாதென்றால் பெயர்களையும் ஊர்களையுமாவது எடுத்துவிடட்டும். உசிலம்பட்டியில் அந்தப் பெயரில், கணவன் வளைகுடாவில் இருக்கும் பெண் எத்தனை பேர் இருந்துவிட முடியும்? அவள் ஏன் உடனே மன்னித்தாள் என்று கேட்டவளுக்கு நன்றியோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு பதிலும் எழுதட்டும். அந்தப் பதில் பதின்மூன்றாவது கதையாக வந்தால், அதைப் பற்றி இதே பக்கங்களில் எழுத நான் தயார்.