வெள்ளை கண்டதெல்லாம் பூச்சியன்று

பேத்துப்பாறை இல்லங்களின் திண்ணையோரத்திலும் சன்னல் விளிம்பிலும் கள்ளியும் கற்றாழையும் தொட்டிகளில் வளர்வதைக் காண்கிறோம். 'கிறிஸ்துவின் முள்முடி' என மேனாட்டார் அழைக்கும் சிறு கள்ளியும் சில வீடுகளில் உண்டு. (அது மடகாஸ்கர் தீவுக்குரியது, ஆகவே அப்பெயர் பக்தியால் வந்ததேயன்றி வரலாற்றால் வந்ததன்று.) இச்செடிகளில் வெள்ளை படிந்தால் என்ன செய்வது என்று தாய்மார் வினவுகின்றனர். வினவுமுன்னரே தோட்டத்துப் பூச்சிமருந்தை வீட்டினுள் தெளித்து விட்டோரும் உண்டு. குழந்தைகள் தவழும் இடத்தில் அந்நஞ்சு வேண்டவே வேண்டாம்.

முதலில் உற்று நோக்குவோம். சில செடிகளின் இலைமீது இயற்கையாகவே நீறு பூத்தாற்போன்ற மெழுகுப் படலம் உண்டு. அது இலையெங்கும் சீராகப் பரவியிருக்கும். அதனைத் துடைத்தல் செடிக்குத் தீங்கு. மாவுப் பூச்சியோ இலை இடுக்கிலும் தண்டின் கணுவிலும் பஞ்சுத் துணுக்குப் போல் ஒட்டிக்கொண்டிருக்கும். அது சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைக் கழிக்கும்; அதற்காக எறும்புகள் வரும். ஆகவே தொட்டியில் எறும்புச் சாரை கண்டால் இலையிடுக்குகளைத் தேடுக. இலையில் ஒன்றுமின்றியே செடி வாடினால் தொட்டியிலிருந்து எடுத்து வேரைக் காண்க. வெண்துகள் இருப்பின் பழைய மண்ணை உதறி, வேரைக் கழுவி, சில நாள் நிழலில் உலர்த்திப் புதுமண்ணில் நடுக. பழுப்பு நிறச் சிறு ஓடுகளாக ஒட்டியிருப்பவை செதிற்பூச்சிகள். அவற்றை நகத்தால் சுரண்டிவிடலாம்.

மாவுப் பூச்சிக்கு, மருந்துக் கடையில் விற்கும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாய்த் தொட்டு எடுப்பதே நாம் பரிந்துரைப்பது. அது எளிதில் தீப்பற்றும். அடுப்பருகிலும், மெழுகுவர்த்தி எரியும் பீடத்தருகிலும் கூடாது. ஓர் இலையில் சோதித்த பின்னரே தொடர்க. முட்டைகள் பஞ்சினுள் மறைந்திருப்பதால் வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு வாரம் செய்தல் வேண்டும். பலர் இரண்டாம் வாரத்திலேயே கைவிட்டுவிடுகின்றனர். கள்ளிப்பால் கண்ணிற் படாமலும் காத்துக்கொள்க.

இனி ஓர் எச்சரிக்கை. காப்பிச் செடியின் பச்சைச் செதிற்பூச்சியை ஒழிக்க, 1898-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பொறிவண்டு தென்னிந்தியாவுக்குக் கொணரப்பட்டது. கருநிற முதுகும் செம்மஞ்சள் தலையுமுடைய சிறு வண்டு அது. வந்த காரியத்தில் பெரிதாக வெல்லவில்லை. ஆயினும் மாவுப் பூச்சியைத் தின்று இங்கேயே நிலைத்துவிட்டது. இன்று உழவர்களுக்கென அதனை வளர்த்துத் தருகின்றனர். விந்தை யாதெனில், அதன் புழு வெண்மெழுகு இழைகள் போர்த்து, மாவுப் பூச்சியைப் போலவே தோன்றும்! உருவில் பெரிதாய், விரைந்து ஊர்ந்து திரிவதைக் கண்டால் அதனை நசுக்காதீர்கள். ஸ்பிரிட்டையும் அன்று எடுக்க வேண்டாம். மருந்து தெளித்த வீட்டில் முதலில் மடிவது பெரும்பாலும் இந்த உதவியாளனே.

பூச்சி பெரும்பாலும் புதுச் செடியோடுதான் வருகிறது. அடுத்த வீட்டார் அன்போடு கிள்ளித் தரும் கிளையையும் மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பின்னர் மற்றவற்றோடு சேர்க்கலாம். கொடுத்தவர் வருந்தமாட்டார்.