நான்கு மணி நேரப் பயணம்

சில ஆண்டுகளுக்கு முன் திருவண்ணாமலையில் நமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில் நிகழ்ந்த துயரம் இன்றும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. தந்தை விடியற்காலையில் காலமானார். துபாயில் பணிபுரிந்த மூத்த மகன், காலை 10 மணி விமானத்தில் இடம் கிடைத்துவிட்டதாகத் தொலைபேசியில் தெரிவித்தார். வீட்டுப் பெரியவர்கள் கூடிக் கணக்கிட்டனர்: "விமானத்தில் நான்கு மணி நேரம், இரண்டு மணிக்குச் சென்னை, காரில் மூன்று மணி நேரம், ஐந்து மணிக்குத் தம்பி வந்துவிடுவான்." மாலை 5:30 மணிக்கு அடக்கம் என முடிவாயிற்று. நாமும் அக்கணக்கைச் சரியென்றே ஏற்று, பங்குத்தந்தையிடம் சென்று நேரத்தைச் சொல்லி வந்தோம்.

இருள் சூழும் வரை காத்திருந்தோம். கடுங்கோடை, அதற்குமேல் உடலை வைத்திருக்க இயலவில்லை. இரவு எட்டரை மணிக்கு வந்த மகன், மூடிய கல்லறையின் முன் கைவிளக்கொளியில் நின்றார்.

கணக்கு எங்கே பிழைத்தது?

விமானத் தொலைவு என்பது உலக உருண்டையின் மீது இரு நகரங்களை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளமாகும். நம் ஊர்க் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் பாதி வழி செல்பவர் 7 கிலோமீட்டர் நடக்கவேண்டும்; மலையைக் கடந்து பறக்கும் பருந்துக்கோ அத்தனை தொலைவில்லை. அவ்வாறே சென்னை விமான நிலையத்திலிருந்து திருவண்ணாமலை நேர்கோட்டில் ஏறத்தாழ 145 கிலோமீட்டர்தான். ஆயினும் திண்டிவனம், செஞ்சி வழியே சாலையில் ஏறத்தாழ 180 கிலோமீட்டர்.

சென்னைக்கும் துபாய்க்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றரை மணி நேரத்திற்குள் கடந்துவிடலாம். எனினும் ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லவும், மேலெழவும், இறங்க முறை வரும்வரை வட்டமிடவும் நேரம் பிடிப்பதால், நான்கு மணி நேரம் என்று கொள்வதே முறை.

பெரியவர்கள் மறந்தது கடிகாரத்தை. துபாயின் நேரம் நம் நேரத்திற்கு ஒன்றரை மணி பின்தங்கியது. சிங்கப்பூரின் நேரமோ இரண்டரை மணி முந்தியது. வியப்பு என்னவெனில், சிங்கப்பூரும் சென்னையிலிருந்து ஏறக்குறைய அதே 2,900 கிலோமீட்டரே. காலை 10 மணிக்குச் சென்னையிலிருந்து புறப்படுபவர் துபாயில் 12:30 மணிக்கும், சிங்கப்பூரில் மாலை 4:30 மணிக்கும் இறங்குவார். பயணம் இரண்டிலும் நான்கு மணி நேரமே! பயணச்சீட்டில் அச்சிடப்படுபவை அந்தந்த ஊரின் நேரங்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி அன்றைய கணக்கைச் சரியாகப் போடுவோம். துபாயில் காலை 10 மணி என்றால் நமக்கு 11:30. நான்கு மணி நேரம் பறந்தால் 3:30. குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிகளைப் பெறுவதற்கும் ஒரு மணி நேரம், 4:30. சாலையில் நான்கு மணி நேரம்; இரவு 8:30. மகன் சிறிதும் தாமதிக்கவில்லை. வரக்கூடிய நேரத்தில்தான் வந்தார்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பத்தாரே, இத்தகைய வேளையில் நேரத்தை அறிவிக்குமுன், விமானம் இறங்குவது எந்த ஊர் நேரப்படி என்று கேளுங்கள். அங்கிருந்து வீட்டு வாசல்வரை ஆகும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். அன்று நாம் அதைச் செய்யவில்லை.